எட்டாவது சாவு

பெர்னிக் நகரச் சுரங்கத் தொழிலாளி டோப்ரியின் மகன் வெசெலின், மல்யுத்தத்தை விட்டு நடிகனானவன். ஏழு படங்களில் ஏழு தடவை செத்திருக்கிறான்.

குடியிருப்பு வாசற்கதவில் அவன் படத்தோடு மரண அறிவிப்பைக் கண்டு பக்கத்து வீட்டு ராட்கா அலறினாள்.

"அழாதடி! ஷூட்டிங்குக்கு ஒட்டியிருப்பாங்க," என்று சிரித்தாள் வெசெலினின் தாய் ஸ்தானா. "போன வருஷமும் இதே கதவுலதான் ஒட்டினானுங்க. நான் மயங்கியே விழுந்துட்டேன். அந்தத் தடியன் பின்னாலேயே வந்து, 'அம்மா, பீன்ஸ் சூப் இருக்கா'ன்னு கேட்டான்!"

உள்ளே போய்ச் சூப்பை அடுப்பில் ஏற்றினாள். "யோவ், உன் பிள்ளை மறுபடியும் செத்துட்டான்யா! பசியோட வருவான், ரொட்டி வாங்கிட்டு வா."

டோப்ரி தலை நிமிராமல் விரல்களில் ஒட்டிய பசையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

காலையில் போன் வந்திருந்தது. படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து வெசெலின் இறந்துவிட்டான். அதை அவளிடம் வாயால் சொல்ல முடியாமல், இந்த முறை ஒட்டியது அவர்தான்.