ஓராண்டாக வராதவர்கள்

புற்றுநோய் மருத்துவமனையின் புள்ளிவிவர அறையில் மாலை வெயில் கணினித் திரையைப் பாதி தின்றிருக்கிறது. அக்கா வலது கையால் மட்டும் ‘ஆர்’ என்னும் நிரல்மொழியில் ஒரு வரி தட்டுகிறாள். வீங்கிய இடது கை மடியில் கிடக்கிறது. ஓராண்டாகச் சிகிச்சைக்கு வராதவரின் பெயருக்கு எதிரே ‘உயிருடன்’ என்றிருந்தால் ‘இறந்தவர்’ என்று மாற்றச் சொல்லும் வரி. அழுத்தியதும் அட்டவணை ஓசையின்றி மாறுகிறது. மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. கூட வேலை பார்க்கும் இளைஞனின் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. “அக்கா, இது உங்க பேராச்சே! சிகிச்சைக்குப் போறதில்லையா?” “விட்டுட்டேன்டா.” “அதுக்காக? உயிரோடதானே உட்கார்ந்திருக்கீங்க, மாத்துங்கக்கா.” “எனக்கு மட்டும் தனியா ஒரு வரி எழுதவா? இதுல இன்னும் எத்தனை பேரு எங்கெங்க உட்கார்ந்திருக்காங்களோ.” அவள் அட்டவணையை அப்படியே சேமிக்கிறாள். “போய் டீ சொல்லுடா. டீக்கடைக்காரன் ஆறிப்போனதைக் கொண்டுவரப் போறான், நல்லா சூடா வேணும்னு சொல்லு.”