திரைக்குள் போனவர்

ரஷ்யக் கப்பலுக்கு மரக்கறி ஏற்றிப்போன மக்கீன், அங்கே எலெக்ஷன் நடப்பதைப் பார்த்து வியந்துபோனார்.

மக்கீனுக்குக் கொட்டாஞ்சேனையில் கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் கொடுப்பவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம் அது. இன்று எங்கள் நாட்டில் பாராளுமன்றத் தேர்தல், நாங்கள் இங்கேயே வாக்குப் போடுகிறோம், முடியும்வரை பொறுங்கள் என்று கப்டன் இங்கிலீஷில் சொன்னார்.

மேல்தட்டில் சிவப்புத் துணி சுற்றிய பெட்டி. பக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி அதிகாரி. மூலையில் ஒரு திரை.

எத்தனை பேர் போட்டி என்று படகுக்காரன் சங்கிலி விசாரித்தான். சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் என்றார் மக்கீன்.

"அப்ப தோக்குறது யாருங்க, மொதலாளி?"

மக்கீனுக்கும் அதுதான் விளங்கவில்லை. கப்டனிடம் கேட்டார். சம்மதமென்றால் சீட்டை அப்படியே பெட்டியில் போடலாம், அந்தப் பெயர் வேண்டாமென்றால் திரைக்குள் போய்க் கோடு போட்டு வெட்டலாமாம்.

முதலில் வந்த இருவரும் திரைப் பக்கம் திரும்பாமல் சீட்டை நேரே பெட்டியில் போட்டார்கள். மூன்றாவதாக வந்த சமையல்காரர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்சி அதிகாரி திரையையே முறைத்துப் பார்த்தார். சமையல்காரர் வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டார்.

கப்டன் உரத்த குரலில் ஏதோ உத்தரவு போட்டார். தன் சீட்டோடு தானே திரைக்குள் போய்வந்தார். பிறகு மற்ற எல்லாரையும் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்.

வெயில் ஏறியது. படகில் கீரை வாடியது. ஒருத்தர் செய்த காரியத்துக்கு எல்லாருக்கும் தண்டனையா, கையில் அதிகாரம் இருந்தால் இப்படித்தான் என்று மக்கீன் சங்கிலியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

சாமான் இறக்கி முடிந்ததும் கப்டன் ஏணிவரை வந்தார். கட்சி அதிகாரி தூரத்தில் நின்றார். மக்கீனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்களும் அந்தப் பெயரை வெட்டினீர்களா?"

"இல்லை. உள்ளே சும்மா நின்றேன்."

"பிறகு எதற்கு எல்லாரையும் அனுப்பினீர்கள்?"

கப்டன் குரலைத் தாழ்த்தினார்.

"பின்னேரம் பெட்டியைத் திறப்பார்கள். ஒரு சீட்டில் பெயர் வெட்டியிருக்கும். அது யாருடையது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது."