பொழுதுபோக்கு என்ற இடத்தில்

“மாப்ளே, முதல் டைவ் பன்னெண்டு மீட்டரா, பதினெட்டு மீட்டரா? நீங்க சொல்றதுதான்.”

டீப்பாய் மீது அந்தமான் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார் லியோனார்ட். துறைமுகத்தில் முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்ணீருக்குப் பயப்படுகிறவனுக்குத் தன் மகள் மகிமாவைத் தருவதில்லை என்று ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மாப்பிள்ளை ஜெபசிங் யானைக்கவுனியில் மிளகாய் வற்றல் மொத்தக் கடை வைத்திருப்பவன். வாழ்க்கையில் அவன் இறங்கிய ஆகப் பெரிய ஆழம், போன மழைக்குக் கடைக்குள் வந்த முழங்கால் தண்ணீர்தான். அன்றும் மூட்டை மேல் ஏறி நின்றுகொண்டான்.

“பன்னெண்டு போதும் மாமா. மொதல்ல ஒரு சாம்பிள் பாத்துட்டு, அப்புறம் மொத்தமா எறங்கலாம்.”

துணைக்கு வந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த காசிமேட்டு நண்பன் திலீப், அவன் காதில் முணுமுணுத்தான். “மாமு, மொளகா ரேட்டு பேசற மாறியே பேசாத.”

தப்பு எங்கே நடந்தது என்று ஜெபசிங்குக்கு இன்னும் புரியவில்லை. பயோடேட்டாவைத் தன் கையால் எழுதி, ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கக் கொடுத்து வாங்கினான். அவனிடம் இருந்த பிரதியில் ‘பொழுதுபோக்கு: மிளகாய் வற்றல் தரம் பிரித்தல்’ என்றுதான் இருந்தது. லியோனார்ட் கைக்கு வந்ததில் மட்டும் அந்த இடத்தில் ‘ஸ்கூபா டைவிங்’ என்று உட்கார்ந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் மகிமா காபியோடு வந்துவிட்டாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

“தண்ணி இருபத்தெட்டு டிகிரி, வெதுவெதுன்னு இருக்குமாம். ஒரு சிலிண்டர் எவ்வளவு வரும் மாப்ளே?”

“எங்க வீட்டுல நாப்பது நாள் வருது மாமா.”

திலீப்புக்கு முறுக்கு புரையேறியது. லியோனார்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். “மாப்ளைக்குக் குசும்பு ஜாஸ்தி.” பிறகு பேனாவை எடுத்தார். “சரி, வெள்ளிக்கிழமை மத்தியானம் டைவ். சாயங்காலமே பிளைட் போட்டுரலாமா?”

“போட்டுருங்க மாமா. சனிக்கிழமை குண்டூர் லோடு வருது.”

பேனா நின்றது. “டைவ் அடிச்ச அன்னைக்கு பிளைட் ஏறக் கூடாது, ஒரு நாளாவது கழியணும். நேத்து ராத்திரி படிச்ச எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?”

திலீப் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தான்.

“அப்பா, நீங்க கவனமா இருக்கீங்களான்னு அவர் சோதிச்சுப் பாக்கிறாரு” என்றாள் மகிமா, கதவோரம் நின்றபடி.

லியோனார்ட் தொடையைத் தட்டினார். “அப்படியா சங்கதி. நல்லது மாப்ளே. அந்தமான்ல நீங்க தண்ணிக்குள்ள போறத என் கண்ணால பாத்துட்டா போதும். அடுத்த ஞாயித்துக்கிழமையே சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கு அறிவிக்கச் சொல்லிடறேன்.”

போகாவிட்டால் ஓலை இல்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மகிமா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

“மாமு, நா படகுலயே வளர்ந்தவன். நானே அம்மாம் ஆழத்துக்குப் போவ மாட்டேன். உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?” என்று கிசுகிசுத்தான் திலீப். “போயி அந்தப் பொண்ணாண்ட உண்மைய சொல்லிடு. பெரியவர நா பாத்துக்கறேன்.” இழுவைப் படகைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டான். லியோனார்ட் முப்பது வருடக் கதையை ஆரம்பித்தார்.

சமையலறை வாசலில் நின்று ஜெபசிங் ஒரே மூச்சில் கொட்டினான். “மகிமா, எனக்கு நீச்சலே தெரியாது. திருவொற்றியூர் பீச்சுல அலை கிட்ட வந்தா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுற ஆளு நான். அந்த வரி யாரோ செஞ்ச தப்பு. ஆனா இத்தனை நாள் சொல்லாம இருந்தது என் தப்பு. உங்கப்பாகிட்ட இப்பவே சொல்லிடறேன்.”

மகிமா டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “சொன்னா கல்யாணம் நின்னுடும். பரவாயில்லையா?”

“எப்படிப் பரவாயில்லைன்னு சொல்வேன்? நாலு நாளா மிளகாயில கை வைக்காமலே கண்ணு எரியுது எனக்கு.” “ஆனா உங்களை ஏமாத்திக் கட்டிக்கிட்டா அது ஆயுசுக்கும் எரியும்.”

அவள் குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நீச்சல் தெரியாதவங்களையும் ஒருத்தர் கூடவே வந்து, பிடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போவாங்க. பன்னெண்டு மீட்டர் வரைக்கும். நான் விசாரிச்சுட்டேன். அப்பாவுக்கு நீங்க தண்ணிக்குள்ள போனா போதும். யாரு பிடிச்சிருந்தாங்கன்னு மேல படகுல இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?”

ஜெபசிங் விழித்தான். “எனக்கு நீச்சல் தெரியாதுன்னு இப்பத்தானே சொன்னேன்... எப்ப விசாரிச்சீங்க?”

“உங்க பயோடேட்டாவை டைப் அடிச்ச அன்னைக்கே. அது என் ஃபிரெண்டோட கடை, அன்னைக்கு நான்தான் உள்ளே இருந்தேன், ‘முன்கோபம் கிடையாது, முன்வழுக்கை உண்டு’ன்னு எழுதிக் குடுத்த ஆளை விட மனசு வரலை” என்றாள் மகிமா. “நீச்சல்னு மாத்தியிருந்தா அப்பா மறுநாளே உங்களை ஹார்பர்ல தள்ளிப் பாத்திருப்பாரு, அதான் அவருக்குன்னு ஒரே ஒரு காப்பி, ஸ்கூபான்னு போட்டு அடிச்சு, நானே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.”