ஹார்க்கோம் வீட்டு மேரி

எட்டாவது வரியில் மேரி இருந்தாள்.

நேற்றும் இருந்தாள். நேற்று பார்த்தது 1881ஆம் வருடக் கணக்கெடுப்பு. லண்டனில் ஹார்க்கோம் என்பவரின் வீடு. மேரி, வேலையாள், வயது இருபத்து நான்கு, பிறந்த இடம் மெட்ராஸ். அதைப் பார்த்ததும் டீச்சர் நூலகம் என்பதையும் மறந்து கையைத் தட்டிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும். நான்கு மாதமாகத் தேடியவளுக்கு அந்த உரிமை உண்டு.

இன்று திரையில் இருப்பது 1891.

அதே தெரு. அதே குடும்பம். மேரி, வேலையாள், வயது இருபத்தொன்பது, பிறந்த இடம் மெட்ராஸ்.

டீச்சர் பேர் தேடிக்கொண்டிருந்த ஆயா செத்தது 1883இல்.

செத்துப்போனவளுக்கு ஐந்து வயது கூடியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் பார்த்தாள். பிறகு மனசில்லாமல் 1871ஐத் திறந்தாள். அங்கேயும் ஒரு மேரி, முப்பத்தைந்து வயதில்.

ஒரே வீட்டில் மூன்று மேரி. ஒருத்தி போனால் அடுத்தவள் வருவாள். சமையலறை ஆணியில் தொங்கும் ஏப்ரனைப் போல, பேரும் அந்த வேலையைச் சேர்ந்தது.

முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்தியவள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விட மாட்டாள். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தின் மேல் இன்று எரிச்சலாக வந்தது.

பழைய செய்தித்தாளில் எல்லாம் இருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் ஒரு வாடகை அறையில் ஆயாவின் கழுத்தை நெரித்தவனுடைய பேர், அவன் அப்பா பேர், தொழில், தூக்குக்குப் போன அன்று அவன் போட்டிருந்த கோட்டின் நிறம்.

அவள் வெறும் மெட்ராஸ் ஆயா.

உடலைப் பார்க்க வந்த ஹார்க்கோம், எங்கள் வீட்டில் இருந்தவள்தான் என்றார். வேலையிலிருந்து அனுப்பி ஒரு மாதம் ஆகிறது என்றார். அதற்கு மேல் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேரில்லாத அந்தக் குழிக்கு இப்போதுதான் கல் வைக்கப் போகிறார்கள். கல்லறைத் தோட்டத்துச் சங்கத்தின் செயலாளர் புவனேந்திரன், யாழ்ப்பாணத்துக்காரர், பேரைக் கண்டுபிடிக்கிற வேலையை நம்பி இவளிடம் கொடுத்தவர். கல் வெட்டுகிறவனுக்கு இன்று மாலைக்குள் பேரைச் சொல்லியாக வேண்டும்.

நேற்றே அவரிடம் மேரி என்று சொல்லிவிட்டாள். சாப்பிடும்போது மகனிடமும் சொன்னாள். "சூப்பர்மா" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல். அதற்கப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இந்த ஊரில் அவளுக்குத் துணை என்று சொல்ல ஒருத்திதான். அவளும் செத்து நூற்று நாற்பது வருஷம் ஆகிறது.

டீச்சர் லண்டனுக்கு வந்த வருடம் இங்கேயும் கணக்கெடுப்பு நடந்தது. மகன் ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் நிரப்பினான். அவள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி என்ன எழுதினான் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நூலகத்துக்கு வெளியே வந்து புவனேந்திரனுக்குப் போன் செய்தாள். குளிர் காதைப் பிடித்தது.

"சொல்லுங்கோ ரீச்சர்."

"மேரின்னு போட வேண்டாம் சார். அது அவ பேரு இல்ல. அந்த வீட்டுல மூணு பேருக்கு அதே பேரு."

"பதிவில கிடக்குதே ரீச்சர். கணக்கெடுக்க வந்தவன் அவளிட்டக் கேட்டுத்தானே எழுதியிருப்பான்?"

"கேட்டிருக்க மாட்டான்."

உள்ளே போகிறவர்களுக்கு வழிவிட்டு அவள் ஓரமாக ஒதுங்கினாள்.

"பேர் வர்ற இடத்தை வெறுமனே விட்டுரச் சொல்லுங்க, சார்."

"சரி, விடச் சொல்லுறன். ஆனா அவன் கேக்கேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

1981. பாளையங்கோட்டை. மாசி வெயில். கணக்கெடுப்பு வேலைக்கு டீச்சர்களைத்தான் அனுப்புவார்கள். அவளுக்கு அன்றைக்கு மட்டும் இன்னும் பதினெட்டு வீடு பாக்கி இருந்தது.

அது ஒரு வக்கீல் வீடு. வக்கீலின் மனைவி உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். வீட்டு ஆட்களின் பேரையும் வயதையும் கடகடவென்று ஒப்பித்தாள். வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"அவ பேரா? நாங்க ஏட்டின்னுதான் கூப்பிடுதோம். செல்லம்னு போட்டுக்கிடுங்க டீச்சர்."

டீச்சர் செல்லம் என்று போட்டாள். வயதை அவளே இருபத்திரண்டு என்று போட்டாள்.

பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

பேனாவை மூடியபோது அந்தச் சத்தம் நின்றிருந்தது. உள்கதவை ஒட்டி, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அந்தப் பெண் நின்றாள். தன்னையும் கூப்பிடுவார்கள் என்று வந்திருக்க வேண்டும்.

டீச்சர் காலி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.