மினிபஸ் சாவி

ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டே நிறுத்தம். அதற்குள் பின் இருக்கையில் தெய்வானை அலறினாள். காய்ச்சலில் அனலாய்க் கொதித்த அவளுடைய மூன்று வயது மகனுக்கு உடம்பு விறைத்து, கண் செருகி, வெட்டி வெட்டி இழுத்தது. மினிபஸ்ஸை ஓரங்கட்டிய ஓட்டுநர் அந்தோணி சாவியை உருவிக்கொண்டு ஓடினார். வலிப்புக்குக் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் அறிந்த ஒரே வைத்தியம். பிள்ளையின் இறுகிய விரல்களுக்குள் சாவியைத் திணித்தார்.

"சாவியால ஒண்ணும் ஆகாதுண்ணே, தள்ளுங்க, காத்து வரட்டும்" என்றார் பயணியாக வந்த நர்ஸ். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாயில எதையும் வைக்காதம்மா. சுரம் ஏறுனதுல வந்தது. பெரும்பாலும் தானா நின்னுரும்."

இரண்டு நிமிடத்தில் விறைப்பு விட்டது. விரல்கள் துவண்டு விரிந்தன. பிள்ளை நீளமாய் ஒரு மூச்சு இழுத்து, சிணுங்கினான்.

உள்ளங்கையில் கிடந்த சாவியை எடுக்க அந்தோணி குனிந்தார். விரல்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன. மெதுவாக இழுத்துப் பார்த்தார். பதிலுக்கு அந்தப் பக்கமும் இழுத்தது.

"என்னுது" என்றான் பிள்ளை, கண் திறக்காமலேயே.

அந்தோணி இழுப்பதை விட்டார். சற்றுமுன் அந்தக் கையிலிருந்த பிடியில் யாருமே இல்லை. இந்தப் பிடிக்குள் ஓர் ஆள் திரும்பி வந்திருந்தான்.

"அண்ணே, வண்டிய எடுங்க!" என்று முன்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"இருங்கப்பா" என்றார் அவர். "சாவி அவங்கிட்ட இருக்கு."