ஐந்தாவது கடமை

“புத்தகத்துல இருக்கறத எழுதறதுக்கு உங்க பொண்ணுக்கு என்ன சார் கஷ்டம்?”

டீச்சர் விடைத்தாளை வீசாத குறையாக மேசையில் வைத்தார். மூன்று நாளாக வகுப்புக்கு வெளியே நிற்கும் மகள், வாசலிலிருந்து அப்பாவைப் பார்த்தாள்.

கேள்வி, ‘குடிமக்களின் ஐந்து கடமைகளை எழுதுக.’

“சட்டத்தை மதிக்கணும், வரி கட்டணும், ஓட்டுப் போடணும், பொதுச் சொத்தைக் காப்பாத்தணும். நாலும் சரி. அஞ்சாவதைப் பாருங்க. ‘தவறு என்று தெரிந்தால், மேலே இருப்பவர்களையும் கேள்வி கேட்க வேண்டும்.’ இது எந்தப் பக்கத்துல இருக்கு?”

“புத்தகத்துல அஞ்சாவது எது டீச்சர்?” அப்பா அலுப்போடு கேட்டார்.

“புத்தகத்துல நாலுதான் இருக்கு.”

“தலைப்புல ஐந்துன்னு இருக்கே?”

“அதுக்குத்தான் பொதுச் சொத்தை ரெண்டா உடைச்சுக் குடுத்தேன். பஸ் தனி, பூங்கா தனி. மத்த நாப்பத்தியோரு பிள்ளைங்களும் மறுபேச்சில்லாம எழுதிட்டுப் போகலையா?”

“ஏன் நாலுதான் இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையா?”

“இவ கேட்டா. அன்னைக்குப் பிடிச்ச தலைவலி எனக்கு இன்னும் விடல. மன்னிப்புக் கடிதம் குடுத்துட்டு உள்ள வாடின்னா, அதுவும் மாட்டேங்கறா. பாடம் அதுபாட்டுக்குப் போயிட்டிருக்கு.”

“தப்பு என்னன்னு சொல்லச் சொல்லுங்கப்பா, எழுதறேன்,” என்றாள் மகள்.

“நீ கொஞ்சம் சும்மா இரும்மா.” அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “பேப்பர் குடுங்க டீச்சர். நானே எழுதறேன்.”

“அப்பாடா. வீட்ல ஒருத்தருக்காவது புரியுதே.”

நாலைந்து வரிதான். எழுதி முடித்ததும் டீச்சர் கையை நீட்டினார். அப்பா அவரைத் தாண்டிப் போய் அதை மகளிடம் கொடுத்தார். அவள் வாய்விட்டு வாசித்தாள்.

‘அன்பு மகளுக்கு, நீ எழுதியதுதான் அந்த ஐந்தாவது கடமை. அச்சுக்குப் போகும் முன் மேலிடத்தில் அதை அடித்துவிட்டார்கள்; தலைப்பைத் திருத்த மறந்துவிட்டார்கள். ஏன் அடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு. இப்படிக்கு, இந்தப் பாடத்தை எழுதிய உன் அப்பா.’