நொடிக்கு ஒரு கோடி சாவி

மேனேஜர் மேசையில் அடித்த அடியில் டம்ளர் உருண்டு, கம்ப்யூட்டர்காரம்மாவின் மடியெல்லாம் தண்ணீர்.

"நாலு நாளா என்னத்தைக் கிழிச்சே? பூட்டின ஒரு டிஸ்க்கைத் திறக்கத் துப்பில்லை!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில்தான் இதே மனுஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "திறக்கவே திறக்காதா? நிச்சயமா?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டு போனவர், முதலாளியைக் கண்டதும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி குதிக்கிறார். முதலாளியின் தங்கை புருஷனாச்சே, விசுவாசம் பொங்காதா?

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆலையில் பாய்லர் வெடித்து இரண்டு பேர் செத்த வழக்கு திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வருகிறது. அவருக்கு எதிராக யார் யார் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள் என்ற பட்டியல், ஸ்டோர்காரப் பெண்ணிடம் பிடுங்கி வந்த இந்த டிஸ்க்கில் இருக்கிறது.

"முடியுமா முடியாதா, ஒரே வார்த்தையில சொல்லும்மா. முடியாதுன்னா இப்பவே அந்த ஸ்டோர்காரி வீட்டுக்கு ஆள் அனுப்பறேன். ரெண்டு விரலை ஒடிச்சா பாஸ்வேர்டு தானா வரும்."

"உள்ளதைச் சொல்லிடறேன் சார். ஒவ்வொரு சாவியா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தா..."

"வாயை மூடு!" மேனேஜர் பாய்ந்தார். "சோம்பேறிக்குச் சாக்குக்கா பஞ்சம்? மச்சான், நீங்க ஸ்கிரீனைப் பாருங்க. நொடிக்கு ஒரு கோடி சாவி! திங்கட்கிழமை காலைக்குள்ள திறக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன். அந்த ஸ்டோர்காரி மேல கை வச்சு, நாமளே இன்னொரு வழக்கை விலைக்கு வாங்கணுமா?"

திரையில் எண்கள் ஆறாக ஓடின. முதலாளி வாயைப் பிளந்து பார்த்தார்.

"அதுவும் சரிதான் மாப்ளே. கோர்ட்டுக்குக் கிளம்பும்போது பட்டியல் என் கையில இருக்கணும்."

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் ஈர உடையோடு எழுந்தாள்.

"பொய்யைச் சொல்லி என்னை ஏன் சார் மாட்டி விடறீங்க? உலகத்துக் கம்ப்யூட்டர் அத்தனையும் சேர்ந்து ஓடினாலும், சூரியன் அவிஞ்சு போற வரைக்கும் இது திறக்காது! வேலை போனாப் போகட்டும். அவர்கிட்டயே போய்ச் சொல்றேன்!"

மேனேஜர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார்.

"திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டும்மா. பட்டியல்ல முதல் பேரே என்னுதுதான்."